நூறு டாலரில் ஒரு மியூவான் பெட்டி

2001 நவம்பர் 12. ஜப்பானில் கமியோகா மலைக்கு அடியில், ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் சூப்பர் கமியோகாண்டே ஆய்வகத்தின் பிரம்மாண்டமான தண்ணீர்த் தொட்டியில் ஒரு கண்ணாடிக் குமிழ் உடைந்தது. அரை மீட்டர் அகலம், உள்ளே வெற்றிடம். அது நொறுங்கியபோது எழுந்த அதிர்ச்சி அலை பக்கத்துக் குமிழை உடைத்தது. அது அடுத்ததை உடைத்தது. சில நொடிகளுக்குள் சுமார் 7,000 குமிழ்கள் தூளாகிவிட்டன. ஒன்றின் விலை ஏறக்குறைய 3,000 டாலர்.

அந்தக் குமிழ்களுக்குப் போட்டோமல்டிப்ளையர் குழாய் என்று பெயர். ஒரே ஒரு ஒளித்துகள், அதாவது ஒரு ஃபோட்டான், வந்து விழுந்தாலும் அதை அளக்கத்தக்க மின்துடிப்பாக மாற்றிக் கொடுக்கும் கருவி அது. 1930களில் பிறந்து, துகள் இயற்பியலுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்ணாக இருந்தது. ஆனால் அதை வைத்துக் குடும்பம் நடத்துவது சிரமம். ஆயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கேட்கும். மின்சாரம் ஓடும்போது அறை விளக்கின் வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும். காந்தப்புலம் ஆகாது. கை தவறினால் கதை முடிந்தது. கல்லூரி ஆய்வகத்தில் ஒன்று இருந்தாலும் அது பூட்டிய அலமாரிக்குள்தான் இருக்கும். இளங்கலை மாணவர் கையில் கொடுத்து “வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகிப் பார்” என்று எந்தப் பேராசிரியரும் சொல்லப்போவதில்லை.

இன்று அப்படிச் சொல்ல முடிகிறது. காரணம், 6 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு சிலிக்கான் சில்லு.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த ஸ்பென்சர் அக்ஸானியும், அவருடைய வழிகாட்டியான பேராசிரியர் ஜேனட் கான்ராடும், போலந்தின் தேசிய அணு ஆய்வு மையத்தைச் சேர்ந்த கட்டார்ஷினா ஃபிராங்கியேவிச்சும் சேர்ந்து உருவாக்கிய ‘காஸ்மிக்வாட்ச்’ என்ற திட்டம் 2017-இல் வெளியுலகுக்கு வந்தது. அண்டார்டிக்கா பனிக்குள் நியூட்ரினோ என்ற துகளைத் தேடும் ஐஸ்கியூப் ஆய்வின் விரிவாக்கம் ஒன்றுக்காக யோசித்த சின்னக் கருவி, மாணவர் பெட்டியாக உருமாறியது. மின்சுற்று வரைபடம், மென்பொருள், உதிரிபாகப் பட்டியல், கட்டும் முறை எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார்கள். செலவு அப்போது சுமார் 100 டாலர். பழக்கமில்லாத மாணவர் முதல் பெட்டியைக் கட்டி முடிக்க நான்கு மணி நேரம் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. (சால்டரிங் இரும்பை முதன்முதலாகக் கையில் பிடிப்பவர் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம்.) உள்ளங்கையில் அடங்கும் அந்த அலுமினியப் பெட்டி யூ.எஸ்.பி. கம்பியில் வரும் 5 வோல்ட்டிலேயே வேலை செய்கிறது. அதன் சின்னத் திரையில் ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். பெட்டியைக் கடந்துபோன மியூவான்களின் எண்ணிக்கை அது என்று நம்பத்தான் மாணவருக்கு ஆசை. அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில்தான் பாடமே இருக்கிறது.

மியூவான் என்பது எலக்ட்ரானின் கனமான உறவுக்காரத் துகள். எலக்ட்ரானைப் போலவே மின்னூட்டம் கொண்டது. நிறை மட்டும் 207 மடங்கு. விண்வெளியிலிருந்து வரும் புரோட்டான் போன்ற துகள்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் காற்றணுக்களோடு மோதும்போது பயான் என்ற துகள்கள் பிறக்கின்றன. அவை உடனே சிதைந்து மியூவானாகின்றன. இது நடப்பது தரையிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில். கடல்மட்டத்தில் ஒரு சதுர செண்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அவை வந்திறங்குகின்றன. கூரை, கான்கிரீட், மனித உடல் எதுவும் அவற்றுக்குப் பெரிய தடையில்லை. இந்த வரியைப் படிக்கும் நேரத்துக்குள் வாசகரின் உடலைச் சில நூறு மியூவான்கள் துளைத்துச் சென்றிருக்கும்.

விண்ணிலிருந்து கதிர் வருகிறது என்பதே 1912 வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ் அந்த ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறி, உயரே போகப்போகக் கதிர்வீச்சு கூடுகிறது என்று காட்டினார். 1936-இல் அமெரிக்காவின் கால்டெக்கில் கார்ல் ஆண்டர்சனும் செத் நெடர்மேயரும் மேகக் கூடம் என்ற கருவியில் விழுந்த தடங்களிலிருந்து மியூவானைக் கண்டெடுத்தார்கள்.

இந்த வரலாற்றில் கருவி யார் கைக்கு எட்டியது என்பது எப்போதுமே பெரிய கேள்வி. கல்கத்தாவைச் சேர்ந்த விபா சௌத்ரியும் அவருடைய ஆசிரியர் டி.எம். போஸும் டார்ஜிலிங், சந்தக்பூ மலைகளில் புகைப்படத் தகடுகளை மாதக்கணக்கில் வைத்து அண்டக் கதிர்த் தடங்களை ஆராய்ந்தார்கள். எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடைப்பட்ட நிறையுள்ள துகள்களை அவற்றில் கண்டு ‘நேச்சர்’ இதழில் 1940களின் தொடக்கத்திலேயே எழுதினார்கள். ஆனால் நிறையைத் துல்லியமாகச் சொல்ல இன்னும் உணர்திறன் மிக்க தகடுகள் வேண்டும். உலகப்போர்க் காலத்தில் அவை இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. போருக்குப் பின் அப்படிப்பட்ட தகடுகளோடு அதே வழியில் இறங்கிய பிரிட்டனின் செசில் பவல் பயானைக் கண்டுபிடித்து 1950-இல் நோபல் பரிசு வாங்கினார். நூறு டாலர் பெட்டி என்ற செய்தியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

முதலில், 5 செண்டிமீட்டர் சதுரத்தில், ஒரு செண்டிமீட்டர் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. பார்க்கக் கண்ணாடி போல இருக்கும். அடிப்படைப் பொருள் பாலிஸ்டைரீன்தான். அதில் சில கரிமச் சாயங்களைச் சிறிதளவு கலந்திருப்பார்கள். இதற்குச் சிண்டிலேட்டர் என்று பெயர். மின்னூட்டம் கொண்ட துகள் இதன் வழியே ஓடினால் வழியெல்லாம் நீல நிறத்தில் மின்னும். ஒரு செண்டிமீட்டர் பிளாஸ்டிக்கைக் கடக்கும் மியூவான் சுமார் 20 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை அதில் விட்டுச் செல்கிறது. அதிலிருந்து ஏறக்குறைய 20,000 ஃபோட்டான்கள் பிறக்கும். கேட்க நிறையத் தோன்றினாலும், சில நானோ நொடிகளில் மறைந்துவிடும் இந்த மினுக்கு மனிதக் கண்ணுக்கு எட்டாது.

அந்த ஒளி வெளியே கசியாமல் பிளாஸ்டிக்கை அலுமினியத் தாளில் சுற்றி, வெளி வெளிச்சம் உள்ளே வராமல் அதற்கு மேல் கறுப்பு டேப்பைப் பல அடுக்காக ஒட்டுகிறார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் சின்னச் சன்னல். அங்கே சிலிக்கான் சில்லு ஒட்டிக்கொண்டிருக்கும். இடையில் காற்று இடைவெளி இருந்தால் ஒளி திரும்பிப்போய்விடும் என்பதால் ஒரு சொட்டு ஒளியியல் பசை தடவுவார்கள்.

இந்தச் சில்லுக்கு சிலிக்கான் போட்டோமல்டிப்ளையர் என்று பெயர். எஸ்.ஐ.பி.எம். என்று சுருக்கிச் சொல்வார்கள். அதன் கருவை 1980களின் இறுதியிலும் 1990களிலும் சோவியத் நாட்டிலும் பிறகு ரஷ்யாவிலும் கோலோவின், சாதிகோவ், டோல்கோஷெய்ன் போன்றவர்கள் வளர்த்தெடுத்தார்கள். காஸ்மிக்வாட்ச் பயன்படுத்தும் சில்லில் 18,980 நுண்செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 35 மைக்ரோமீட்டர் அளவுள்ள தனித்தனி டயோடு. டயோடுக்கு எதிர்த்திசையில் மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே போனால், சுமார் 25 வோல்ட்டில் அது தாக்குப்பிடிக்க முடியாமல் உடைந்து மின்சாரத்தை ஓடவிடும். யூ.எஸ்.பி.யின் 5 வோல்ட்டைப் பெட்டிக்குள்ளேயே உயர்த்தி, அந்த எல்லைக்குச் சில வோல்ட் மேலே, கிட்டத்தட்ட 29 வோல்ட்டில், இதை வேண்டுமென்றே நிறுத்தி வைக்கிறார்கள். உடைய ஒரு சாக்கு கிடைத்தால் போதும் என்று காத்திருக்கும் நிலை. ஒரு ஃபோட்டான் விழுந்து ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிட்டால், அது ஓடும் வேகத்தில் மோதி இன்னொன்றைக் கிளப்பும். அவை இரண்டும் நான்கைக் கிளப்பும். இப்படிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்களின் வெள்ளம் உருவாகும். செல்லோடு சேர்த்து வைத்திருக்கும் மின்தடை உடனே அழுத்தத்தைக் கீழே இழுத்து வெள்ளத்தை அணைக்கும். சிறிது நேரத்தில் செல் மறுபடி தயார்.

எலிப்பொறி மாதிரிதான். பொறி விழும், அல்லது விழாது. எலி பெரிதா சிறிதா என்று அதற்குத் தெரியாது. ஆனால் 18,980 பொறிகளை நெருக்கமாகப் பரப்பி வைத்து, ஒரே நேரத்தில் எத்தனை விழுந்தன என்று எண்ணினால் வந்த கூட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். எத்தனை செல்கள் ஒன்றாக விழுந்தனவோ அந்த அளவுக்குச் சில்லின் துடிப்பு உயரும். உயரத்திலிருந்து ஒளியின் அளவு, ஒளியிலிருந்து துகள் விட்டுச்சென்ற ஆற்றல் என்று கணக்கு பின்னோக்கிப் போகும்.

மிச்சமெல்லாம் மலிவான எலெக்ட்ரானிக்ஸ். சில்லின் துடிப்பு அரை மைக்ரோ நொடிக்குள் அடங்கிவிடும். மாணவர்கள் பழகும் ஆர்டுயினோ நேனோ பலகைக்கு அவ்வளவு வேகம் கிடையாது. ஆகவே துடிப்பைப் பெருக்கி, அதன் உச்சத்தை மட்டும் பிடித்து வைத்து மெல்ல வடியவிடும் ஒரு சுற்றை இடையில் போட்டிருக்கிறார்கள். ஆர்டுயினோ நிதானமாக வந்து அளந்துகொள்ளும். இந்தப் பெட்டியின் உண்மையான சாமர்த்தியம் இந்தச் சுற்றுதான். விலையுயர்ந்த வேகமான கருவியை வாங்காமல், வேகமான நிகழ்வை மெதுவாக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

கட்டி முடித்துப் பெட்டியை உயிர்ப்பித்ததும் வரும் முதல் ஏமாற்றம் அனேகமாக வெளிச்சம். டேப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் எண் தறிகெட்டு ஓடும். அறை விளக்கை அணைத்தால் எண்ணிக்கை குறைகிறதா, கைவிளக்கை அருகில் கொண்டுபோனால் கூடுகிறதா என்று பார்த்து, ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். இது அலுப்பூட்டும் வேலை. ஆனாலும் பரிசோதனை அறிவியல் என்றால் என்ன என்பதைப் பாடப்புத்தகத்தின் எந்த அத்தியாயத்தையும் விட இது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

வெளிச்சத்தை முழுக்க அடைத்தாலும் சில்லு சும்மா இருப்பதில்லை. வெப்பத்தாலேயே சிலிக்கானுக்குள் எலக்ட்ரான்கள் அவ்வப்போது விடுபட்டு, ஃபோட்டான் வந்தது போலவே செல்லைத் தட்டிவிடுகின்றன. இருட்டு எண்ணிக்கை என்று இதைச் சொல்கிறார்கள். 6 மில்லிமீட்டர் சில்லில், சாதாரண அறை வெப்பநிலையில், இது நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். மியூவானோ பெட்டியின் 25 சதுர செண்டிமீட்டர் பரப்பில் நிமிடத்துக்கு 25 தான் வரும். இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே எப்படிப் பிரித்தெடுப்பது? இருட்டுத் துடிப்பு பெரும்பாலும் ஒற்றைச் செல் விழுவது. எப்போதாவது பக்கத்துச் செல்லையும் சேர்த்து இரண்டு, மூன்று. மியூவான் வந்தாலோ பல பத்துச் செல்கள் ஒரே கணத்தில் விழும். எனவே இன்ன உயரத்துக்குக் கீழே உள்ள துடிப்பையெல்லாம் கணக்கில் எடுக்காதே என்று ஒரு வரம்பு வைத்தால் இரைச்சலின் பெரும்பகுதி கழிந்துவிடும். வரம்பை அதிகம் உயர்த்தினால் மியூவானையும் சேர்த்து இழக்க வேண்டியதுதான். எங்கே நிறுத்துவது என்பதை மாணவர் தானே அளந்து தீர்மானிக்க வேண்டும். வெப்பநிலை ஏறினால் இருட்டு எண்ணிக்கையும் ஏறும், ஏறக்குறைய 10 டிகிரிக்கு இரண்டு மடங்கு. ஜனவரியில் பாஸ்டனில் வைத்த வரம்பு மே மாதச் சென்னையில் செல்லுபடியாகாது.

இரைச்சலைக் கழித்த பிறகும் இன்னொரு கலப்படம் மிஞ்சும். செங்கல், கிரானைட், தரை, ஏன், உப்பில் கலந்திருக்கும் பொட்டாசியம்கூட இயற்கையாகவே சிறிது கதிரியக்கம் கொண்டவை. அவற்றிலிருந்து வரும் காமாக் கதிரும் பிளாஸ்டிக்கை மினுக்க வைக்கும். ஒற்றைப் பெட்டி காட்டும் எண்ணில் கணிசமான பங்கு இவற்றுடையது. வானத்திலிருந்து வந்ததையும் சுவரிலிருந்து வந்ததையும் எப்படிப் பிரிப்பது?

இதற்கு விடை 1930-இலேயே இருக்கிறது. இத்தாலியின் புருனோ ரோஸ்ஸி, இரண்டு மூன்று கருவிகள் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் எண்ணும் மின்சுற்றை அந்த ஆண்டு வடிவமைத்தார். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மியூவான் இரண்டையும் துளைத்துப் போகும். காமாக் கதிர் பெரும்பாலும் ஒன்றோடு நின்றுவிடும். காஸ்மிக்வாட்ச் பெட்டிகளைச் சாதாரண ஹெட்போன் கம்பியால் இணைத்து இதையே செய்கிறார்கள். தற்செயலாக இரண்டும் ஒன்றாகத் துடித்துவிடாதா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் நொடிக்கு இரண்டு முறை துடிக்கிறது என்றும், ‘ஒரே கணம்’ என்பதற்கான அவகாசம் 30 மைக்ரோ நொடி என்றும் வைத்துக்கொண்டால், தற்செயல் ஒத்திசைவு மணிக்கு ஒன்றைத் தாண்டாது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவரே தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. “இந்த எண் உண்மை” என்று வாதாடும் உரிமை அந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் அவருக்கு வருகிறது.

அதன்பின் பெட்டியை எங்கே வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம். இரண்டு பெட்டிகளையும் ஒரு சட்டத்தில் பொருத்திக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தால், நேர் மேலிருந்து வருவதை விடச் சாய்வாக வரும் மியூவான்கள் குறைந்துகொண்டே போவது தெரியும். கோசைன் வர்க்கம் என்று முக்கோணவியலில் மனப்பாடம் செய்த சமன்பாடு ஏறக்குறைய அப்படியே வரைபடத்தில் வந்து நிற்கும். சாய்வான பாதையில் காற்று அதிகம், தொலைவும் அதிகம். வழியிலேயே ஆற்றல் இழப்பவையும் சிதைபவையும் கூடுகின்றன. சுரங்கப் பாதைக்குள் கொண்டுபோனால் எண்ணிக்கை விழும். விமானத்தில் கொண்டுபோனால் பல மடங்கு ஏறும். ஹெஸ் உயிரைப் பணயம் வைத்துப் பலூனில் கண்டதை இன்று ஒரு மாணவர் சன்னலோர இருக்கையில் காண்கிறார். ஒரு திருத்தம்: அந்த உயரத்தில் பெட்டி எண்ணுவது மியூவானை மட்டுமல்ல, எலக்ட்ரான்களும் கலந்திருக்கும். இன்னொரு எச்சரிக்கை: கம்பியும் பலகையும் மின்னும் திரையுமாக இருக்கும் இந்தப் பெட்டியைப் பற்றி விமான நிலையப் பாதுகாப்புக் காவலரிடம் விளக்கிச் சொல்லத் தயாராக இருப்பது நல்லது.

காற்றழுத்தத்தோடும் மியூவானுக்குக் கணக்கு உண்டு. தலைக்கு மேல் காற்றின் எடை கூடினால் தரைக்கு வரும் மியூவான் குறையும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 0.1 முதல் 0.2 சதவீதம். கரையை நெருங்கும் புயலில் அழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் எண்ணிக்கை 2 முதல் 4 சதவீதம் ஏற வேண்டும். அதைச் சின்னப் பெட்டியால் பார்க்க முடியுமா? தற்செயலாக வரும் எதையும் எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருந்தே தீரும். 100 எண்ணினால் 10 முன்பின், அதாவது 10 சதவீதம். பெட்டி ஒரு நாளில் எண்ணுவது சுமார் 36,000. அதன் வர்க்கமூலம் 190. அரை சதவீதப் பிழை. ஆகவே நாள் முழுக்க அழுத்தம் இறங்கியே இருந்தால் மாற்றம் தெரியும். ஒரு மணி நேரத்தில் தெரியாது. இந்த இடத்தில் பொறுமையிழந்து, ஐந்து நிமிட எண்ணிக்கையை வைத்துக் கோடு போட்டு “கண்டுபிடித்துவிட்டேன்” என்று வரும் மாணவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. முதிர்ந்த விஞ்ஞானிகளிலும் உண்டு.

எல்லாச் சோதனைகளிலும் அழகானது சார்பியல் சோதனைதான். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளியின் வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தது தரைக்கு எப்படி வந்து சேர்கிறது? ஐன்ஸ்டைனின் விடை, வேகமாக ஓடும் மியூவானின் கடிகாரம் நம் பார்வையில் மெதுவாக ஓடுகிறது என்பது. 1960களின் தொடக்கத்தில் டேவிட் ஃபிரிஷ், ஜேம்ஸ் ஸ்மித் என்ற இரு இயற்பியலாளர்கள் இதை மாணவர்களுக்கான திரைப்படமாகவே எடுத்துக் காட்டினார்கள். 1,900 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள வாஷிங்டன் மலையுச்சியில் அவர்கள் கருவி மணிக்குச் சராசரியாக 563 மியூவான்களை எண்ணியது. கீழே, எம்.ஐ.டி. இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரில், கடிகாரம் மெதுவாகாது என்றால் 27 தான் தப்பி வர வேண்டும். வந்ததோ 408.

நீலகிரி மலை ரயில் ஏறுகிற உயரமும் கிட்டத்தட்ட அதேதான். மேட்டுப்பாளையம் நிலையம் கடல்மட்டத்துக்கு 326 மீட்டர் மேலே, உதகமண்டலம் நிலையம் 2,203 மீட்டரில். இடையில் 1,877 மீட்டர். இரண்டு பெட்டிகளோடு அந்த ரயிலில் ஏறும் ஒரு கல்லூரிக் குழு, ஒரு பகல் பயணத்தில் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துவிடலாம். ஆனால் ஐன்ஸ்டைனை நிரூபித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஃபிரிஷும் ஸ்மித்தும் கருவிக்கு மேல் இரும்பைக் குவித்து, குறிப்பிட்ட வேகத்தில் வந்து பிளாஸ்டிக்கில் நின்றுவிடும் மியூவான்களை மட்டும் பொறுக்கி எண்ணினார்கள். ஒரு செண்டிமீட்டர் பிளாஸ்டிக்குக்கு எல்லா வேகமும் ஒன்றுதான். ஆயுளை அளக்கவும் தடிமனான சிண்டிலேட்டர் வேண்டும். மியூவான் உள்ளே நின்று ஒரு மினுக்கு, சிதைந்து எலக்ட்ரான் கிளம்பும்போது இன்னொரு மினுக்கு. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை ஆயிரக்கணக்கில் சேர்த்தால் 2.2 மைக்ரோ நொடிக்குச் சற்றுக் குறைவாக விடை வரும். எதிர்மின் மியூவான்களில் சிலவற்றைக் கார்பன் அணுக்கரு விழுங்கிவிடுவதால் அந்தக் குறைவு.

ரயில் போய்ச் சேரும் ஊரிலேயே இந்தப் பெட்டியின் ராட்சத அண்ணன் இருக்கிறது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் அது. அங்கே ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளமுள்ள 3,712 எஃகுக் குழாய்கள் 560 சதுர மீட்டர் பரப்பில் மியூவானை எண்ணுகின்றன. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 கோடி. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேல் ஓர் இடிமேகம் கடந்தபோது, 18 நிமிடத்துக்கு மியூவான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் சரிந்தது. மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம் மியூவான்களின் ஆற்றலைக் கூட்டியும் குறைத்தும் விளையாடியிருக்கிறது. கணக்குப் போட்டபோது அந்த அழுத்தம் 130 கோடி வோல்ட் என்று வந்தது. 2019-இல் வெளியான இந்த முடிவு, இடிமேகத்தில் கோடிக்கணக்கல்ல, நூறு கோடி வோல்ட்டே இருக்கலாம் என்று 1929-இல் சி.டி.ஆர். வில்சன் ஊகித்ததற்குத் தொண்ணூறு ஆண்டுக்குப் பின் கிடைத்த சான்று. மாணவர் பெட்டி அன்று அங்கே இருந்திருந்தால் 18 நிமிடத்தில் 450 எண்ணியிருக்கும். பிழை மட்டும் 5 சதவீதம். 2 சதவீதச் சரிவு அதற்குள் மூழ்கிப் போயிருக்கும். பெரிய கருவி எதற்கு என்ற கேள்விக்கு வர்க்கமூலமே பதில்.

ஊட்டிக் குழாய்களில் இருப்பது வாயு. சிலிக்கான் சில்லுகளைப் பார்க்க வேண்டுமானால் மதுரைக்குப் போக வேண்டும். தேனி மாவட்டத்து மலையடியில் திட்டமிட்டு, கடும் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் நின்றுபோன நியூட்ரினோ ஆய்வகத்தின் முன்மாதிரியாக, 85 டன் எடையுள்ள மினி-ஐகால் என்ற இரும்புக் காந்தக் கருவி மதுரையில் இயங்குகிறது. நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை கேட்டதே மியூவான்களைத் தடுக்கத்தான். அவ்வளவு பாறை மியூவான்களைப் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைத்துவிடும். 100 மீட்டர் பாறை நூற்றில் ஒன்றாகத்தான் குறைக்கும். மீதிப் பத்தாயிரம் மடங்கைக் கருவியாலேயே சமாளிக்க முடிந்தால், ஆழமாகத் தோண்ட வேண்டிய கட்டாயம் இருக்காது. கருவியைச் சுற்றிப் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் சுவர் எழுப்பி, உள்ளே வரும் மியூவானைப் பார்த்தவுடன் “இது வானத்திலிருந்து வந்தது, கணக்கில் சேர்க்காதே” என்று சொல்லவைப்பதுதான் யோசனை. தோண்டலாமா கூடாதா என்று ஊரெல்லாம் வாதாடிய காலத்தில் இந்த யோசனை பொதுவெளியில் அதிகம் பேசப்படாமல் போனது வருத்தத்துக்குரியது.

மினி-ஐகாலைச் சுற்றி மதுரையில் அமையும் அந்தச் சுவரின் இலக்கு, 10,000 மியூவான்களில் ஒன்றுக்கு மேல் தவறவிடக் கூடாது என்பது. நீண்ட பிளாஸ்டிக் பட்டைகளுக்குள் ஒளியிழைகள் ஓடுகின்றன. அவற்றின் முனைகளில் 2 மில்லிமீட்டர் அளவுள்ள எஸ்.ஐ.பி.எம். சில்லுகள். எந்தச் சில்லு எந்த வோல்ட்டில் உடைகிறது, இருட்டில் எவ்வளவு இரைச்சல் போடுகிறது என்று ஒவ்வொன்றாக அளந்துதான் பொருத்த வேண்டும். மெல்லிய எல்.இ.டி. ஒளியைப் பாய்ச்சி, ஒரு ஃபோட்டான், இரண்டு, மூன்று என்று தனித்தனி முகடுகளாகத் திரையில் எழும் வரைபடத்தை ஆராய்ச்சி மாணவர்கள் ஆயிரக்கணக்கான சில்லுகளுக்கு எடுக்கிறார்கள். முகடுகளுக்கு இடைப்பட்ட தூரம் சில்லின் பெருக்கத்தைச் சொல்லும். முகடுகள் ஒன்றோடொன்று குழம்பியிருந்தால் அந்தச் சில்லு ஓரமாக வைக்கப்படும்.